பழி சோப்பு மேல், குற்றம் தண்ணீரில்

"இந்தச் சோப்பு நுரைக்கவே இல்லை" என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்தால் நாம் வேறொரு சோப்பைக் கொடுத்தனுப்புகிறோம். அதுவும் நுரைக்காது. போர்த் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் சோப்பைத் தயிர்போலத் திரித்துவிடுகின்றன. வெள்ளைத் துணி மங்கிப்போகிறது. நமக்கோ, நல்ல சரக்கு விற்றும் கெட்ட பெயர்.

இதற்கு மலிவான மருந்து நம் கடையிலேயே இருக்கிறது: சலவைச் சோடா. லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள தண்ணீரானால், 15 லிட்டர் வாளிக்கு 6, 7 கிராம் சோடாத்தூள், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி, போதும். முதலில் சோடாவைக் கரைத்து, கலங்கல் அடியில் படிந்தபின் மேல் தண்ணீரை எடுத்துச் சோப்புப் போடச் சொல்லலாம். பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது. தண்ணீரைக் காய்ச்சினாலும் கடினம் ஓரளவு குறையும். காஸ் செலவு கட்டுப்படியாகாது. மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

ஒன்றில் நாம் கண்ணாயிருக்க வேண்டும். சலவைச் சோடாவும் ஆப்பச் சோடாவும் பார்வைக்கு ஒன்றுபோல வெள்ளைத்தூள். பொட்டலம் மாறிச் சமையலறைக்குப் போனால் சாப்பிட்டவரின் வாயும் தொண்டையும் புண்ணாகிவிடும். ஆகவே இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். மடித்துக் கொடுக்கும் பொட்டலத்தின் மேல் பெயரெழுதிக் கொடுங்கள். கடைப் பையன்களிடமும் சொல்லி வையுங்கள்.