அடிமைத்தனத்துக்கும் உண்டோ அளவுகோல்?

துணியை முழத்தால் அளக்கிறோம்; அரிசியைப் படியால் அளக்கிறோம்; காய்ச்சலை வெப்பமானியால் அளக்கிறோம். "இவன் சமூக ஊடகத்திற்கு அடிமை" என்று ஒருவனைப் பற்றிச் சொல்லுகிறோமே, அதை எந்தக் கோலால் அளந்தோம்? வீட்டிலும் விடுதியிலும் நாள்தோறும் அடிபடும் சொல் இது. இதன் பின்னுள்ள விஞ்ஞானம் யாது என்று சிறிது காண்போம்.

நார்வே நாட்டின் பெர்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளநூல் அறிஞர் சிசிலி ஆண்ட்ரியாசனும் அவர்தம் குழுவினரும் 2012-இல் முகநூல் பழக்கத்தை அளக்க ஓர் அளவுகோல் வகுத்தனர். 2016-இல் அது சமூக ஊடகங்கள் அனைத்திற்கும் பொருந்துமாறு விரிந்தது. எந்தப் பழக்கத்திற்கு அடிமையானாலும் ஆறு குறிகள் தோன்றும் என மார்க் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கில அறிஞர் 2005-இல் எழுதினார். அக்குறிகளே இதற்கு அடிப்படை.

குறிக்கு ஒன்றாக வினாக்கள் ஆறு. கடந்த ஓராண்டில் எந்நேரமும் அதே நினைவாக இருந்தீரா? மேலும் மேலும் வேண்டும் என்ற வேட்கை எழுந்ததா? சொந்தக் கவலையை மறக்க அதை நாடினீரா? குறைக்க முயன்று தோற்றீரா? தடுக்கப்பட்டபோது அமைதி இழந்தீரா? படிப்போ வேலையோ கெட்டதா? "மிக அரிது" என்ற விடைக்கு 1. "மிக அடிக்கடி" என்பதற்கு 5. ஆகவே மொத்தம் 6 முதல் 30 வரை வரும். ஹங்கேரி நாட்டில் ஏறத்தாழ 6,000 மாணவரிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு, 4.5 விழுக்காட்டினரே இடர்நிலையில் உள்ளனர் எனக் கண்டது. 19 மதிப்பெண்ணை எல்லைக்கோடாகக் கொள்ளலாம் என்றும் கூறிற்று.

இங்கே ஒன்றை நோக்க வேண்டும். "எத்தனை மணி நேரம்?" என்ற கேள்வி இந்த ஆறில் இல்லை. ஊரை விட்டு வந்து விடுதியில் வாழும் மாணவி ஒருத்தி, இரவில் ஒரு மணி நேரம் வாட்ஸப்பில் தாயின் முகம் பார்த்துப் பேசுகிறாள். பேசி முடித்ததும் கைப்பேசியை வைத்துவிட்டுப் படிக்கிறாள். மற்றொருவன் அரைமணி நேரமே பார்க்கிறான். ஆனால் ஆய்வகத்தில் நிற்கும்போதும் அவன் மனம் அங்கேயே கிடக்கிறது. அது கையில் இல்லையேல் எரிச்சல் கொள்கிறான். மணிக்கணக்கு முன்னவளைக் குற்றவாளி ஆக்கும். வினாக்கள் பின்னவனையே சுட்டும்.

இனி நல்வாழ்வுக்கு வருவோம். வாழ்வில் ஒருவர் காணும் மனநிறைவை அளக்க, அமெரிக்க அறிஞர் எட் டீனரும் குழுவினரும் 1985-இல் ஐந்து கூற்றுகள் கொண்ட அளவுகோலைத் தந்தனர். இத்தகைய கோல்களையும் முன்னதையும் ஒருங்கே வைத்துப் பார்த்த ஆய்வுகள் பலவற்றில், அடிமை மதிப்பெண் ஏற ஏற மனநிறைவு இறங்கக் காண்கிறோம். ஆயின் எது காரணம், எது காரியம்? ஊடகம் துயரைத் தருகிறதா, துயருற்றவன் ஊடகத்தை நாடுகிறானா? ஒரே நாளில் எடுத்த கணக்கு இதற்கு விடை கூறாது. "கவலையை மறக்க நாடினீரா?" என்று கேட்கும் கோல், கவலை உள்ளவனுக்கு மதிப்பெண்ணைக் கூட்டுவது இயல்பே அன்றோ?

ஏமி ஓர்பன், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி ஆகியோர் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட இளையோரின் விவரங்களை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டனர். அவர்களிடையே நல்வாழ்வில் காணும் வேறுபாட்டில், மின்கருவிகளைப் பயன்படுத்தும் அளவால் விளங்குவது 0.4 விழுக்காட்டிற்கு மேல் இல்லை. 2018-இல் அமெரிக்காவில் சிலரை நான்கு வாரம் முகநூலை விட்டிருக்கச் செய்தனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிஞ்சியது, மனநலமும் சிறிதளவு உயர்ந்தது. தீங்கு இல்லை என்பதும் பிழை. எல்லாத் துயருக்கும் அதுவே வேர் என்பதும் பிழை.

மேலும், இவ்வளவுகோல் மருத்துவர் தீர்ப்பு ஆகாது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் மின்விளையாட்டு அடிமை இடம்பெற்றது. சமூக ஊடக அடிமை தனி நோயாக இடம்பெறவில்லை.

நண்பர்களே, மொழி புரியாத ஊரில் தனித்து நிற்கும் முதலாண்டு மாணவனுக்கு அக்கைப்பேசியே ஊருக்குச் செல்லும் பாலமாக இருக்கலாம். அவனுக்கு "அடிமை" எனப் பட்டம் சூட்டுமுன், எதை மறக்க அதை நாடுகிறான் என்று கேட்போம். மன்றத்துக்கு அழைப்போம், உணவுக்கூடத்தில் அவனோடு அமர்வோம். துயர் ஆழமாயின், அரசின் டெலி-மானஸ் எண்ணாகிய 14416-இல் தமிழிலேயே பேசலாம். பெங்களூர் நிம்ஹான்ஸில் 2014 முதல் இதற்கெனவே ஒரு மருத்துவப் பிரிவும் உண்டு.