ராத்திரி வெளிச்சமும் மனச்சோர்வும்

காரணமில்லாத எரிச்சல், எதிலும் பிடிப்பின்மை, விடிந்தும் எழ மனம் வராத சோர்வு. இப்படி மனநல மருத்துவரிடம் வருகிற பலர், அதற்கு முன்பே மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் பல மாதம் விழுங்கியவர்கள். படுக்கையறையில் விளக்கும் டிவியும் எத்தனை மணிவரை எரிகின்றன என்று அதுவரை யாரும் அவர்களைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

87,000 பேர் சொல்லும் சேதி

பிரிட்டனில் சுமார் 87,000 பேரின் மணிக்கட்டில் ஒளி உணரும் கருவியைக் கட்டி ஒரு வாரம் அளந்தார்கள். 2023-ல் வெளியான முடிவின்படி, இரவில் மிக அதிக வெளிச்சத்தில் இருந்தவர்களிடம் மனச்சோர்வு 30 சதவீதம் கூடுதல். பகலில் நல்ல வெளிச்சம் பெற்றவர்களிடம் 20 சதவீதம் குறைவு. வெளிச்சம் மட்டுமே நோயைத் தருகிறது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. மனச்சோர்வு உள்ளவர்கள் இரவில் விழித்திருப்பதும் உண்டு. ஆனாலும் இந்தத் தொடர்பை அலட்சியப்படுத்தக் கூடாது.

நம்பிக்கைகளும் உண்மையும்

'லைட் எரிந்தாலும் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.' தூக்கம் வரலாம், உடல் முழுதாக ஓய்வதில்லை. 2022-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 100 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) வெளிச்சத்தில் ஒரே ஓர் இரவு தூங்கியவர்களுக்கும் இதயத்துடிப்பு கூடியது; காலையில் இன்சுலினின் வேலைத்திறன் குறைந்தது. ஜப்பானின் நாரா பகுதி முதியவர்களிடம் நடந்த ஆய்விலோ, படுக்கையறையில் 5 லக்ஸ் வெளிச்சமே மனச்சோர்வு அறிகுறிகளோடு சேர்ந்து காணப்பட்டது.

'போனில் நைட் மோட் போட்டிருக்கிறேன்.' திரை மஞ்சளானால் மட்டும் போதாது. அதன் பிரகாசம், பார்க்கும் நேரம், மனதைக் கிளறும் காட்சிகள் எல்லாமே தூக்கத்தைத் தள்ளிப்போடும்.

'நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கிவிட்டேன்.' பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023 மதிப்பாய்வு, அந்தக் கண்ணாடி கண் அயர்ச்சியைக் குறைப்பதாகக் காட்டவில்லை. தூக்கத்துக்கு உதவும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை.

'ஒரு மாத்திரைதானே, போட்டால் சரியாகிவிடும்.' இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. தூக்கத்துக்காக விழுங்கப்படும் அல்பிரசோலம், மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. அது பழக்கமாகும், திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்கான மருந்தல்ல. 'ஒரு பெக்' போட்டுத் தூங்குவதும் வைத்தியமல்ல. பின்னிரவுத் தூக்கத்தை அதுவே கெடுக்கும்.

பரிசோதனை

சோர்வுக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று அறிய தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனைகள் தேவைப்படலாம்; குறட்டை இருந்தால் தூக்கப் பரிசோதனையும்.

தயவுசெய்து

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே பெரிய விளக்குகளை அணையுங்கள். போனை அடுத்த அறையில் சார்ஜ் போடுங்கள். தெருவிளக்கு வெளிச்சம் உள்ளே விழுந்தால் தடித்த திரை போடுங்கள். இரவில் எழும் பெரியவர்களுக்குத் தரையோரமாக மங்கிய விளக்கு போதும். காலையில் கொஞ்ச நேரமாவது வெயிலில் நில்லுங்கள். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர்கள் அறையை நன்றாக இருட்டாக்கிக்கொள்ளுங்கள். இருதுருவ மனநோய் (பைபோலார்) உள்ளவர்கள் ஓர் இரவுத் தூக்கத்தையும் இழக்காதீர்கள்.

மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் வாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், நள்ளிரவிலும் பேசலாம்.