நிஷான் வேலுப்பிள்ளை

நிஷான் வேலுப்பிள்ளை (பிறப்பு: 7 மே 2001) ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட்டக்காரர். பக்கவாட்டு முன்களத்தில் (விங்கர்) ஆடுபவர். மெல்பர்ன் விக்டரி கழகத்தின் வழியாகத் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். 2024 அக்டோபர் 10 அன்று சீனாவுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தில் ஆஸ்திரேலிய அணிக்காக முதன்முறை களமிறங்கி, அந்த ஆட்டத்திலேயே கோல் அடித்தார். தந்தை வழியில் இலங்கைத் தமிழ் மரபும், தாய் வழியில் ஆங்கிலோ-இந்திய மரபும் உடையவர். ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளோடு வேர்த் தொடர்பு கொண்ட ஓர் இளம் ஆட்டக்காரர் எந்த நாட்டுக்கு ஆடலாம் என்ற கேள்விக்கு இவரது தொடக்க கால வாழ்க்கை நல்ல எடுத்துக்காட்டு.

பின்புலம்

நிஷான் மெல்பர்ன் நகரில் பிறந்து வளர்ந்தவர். 1983-க்குப் பிறகு இலங்கைத் தமிழர் பெருமளவில் குடியேறிய நகரங்களுள் மெல்பர்னும் ஒன்று. அங்கே தெற்காசியக் குடும்பங்களின் பிள்ளைகள் பெரும்பாலும் கிரிக்கெட் பக்கமே போவார்கள். கால்பந்தில் உயர்மட்டத்தை எட்டியவர்கள் மிகச் சிலர். அதனால் தேசிய அணியின் சட்டையில் 'வேலுப்பிள்ளை' என்ற பெயர் எழுதப்பட்டிருந்ததைப் புலம்பெயர்ந்த தமிழர்கள் தனிக் கவனத்தோடு பார்த்தார்கள்.

கழக ஆட்டம்

மெல்பர்ன் விக்டரியின் இளையோர் அமைப்பில் பயின்ற நிஷான், 2020களின் தொடக்கத்தில் அக்கழகத்தின் முதல் அணிக்கு உயர்ந்தார். கழகம் தடுமாறிக்கொண்டிருந்த காலம் அது. 2021-இல் முன்னாள் ஆஸ்திரேலியத் தடுப்பாட்டக்காரர் டோனி போபொவிச் தலைமைப் பயிற்சியாளராக வந்த பிறகே அணி மீண்டது. 2022 பிப்ரவரியில் நடந்த எஃப்.எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் சென்ட்ரல் கோஸ்ட் மரைனர்ஸ் அணியை 2–1 என வென்றது. 2024 மே மாதம் ஏ-லீக் இறுதியாட்டத்துக்கும் சென்றது. அதில் கூடுதல் நேரத்தில் அதே மரைனர்ஸிடம் 1–3 எனத் தோற்றது.

வேகமும், தடுப்பாட்டக்காரரை நேருக்கு நேர் எதிர்கொண்டு பந்தைக் கடத்திச் செல்வதும் நிஷானின் பலம். இவ்வகை ஆட்டக்காரர்களைப் பயிற்சியாளர்கள் ஆட்டத்தின் பிற்பகுதியில் மாற்று ஆட்டக்காரராக இறக்குவது வழக்கம். எதிரணியின் கால்கள் களைத்திருக்கும் நேரத்தில் வேகம் கூடுதல் பயன் தரும் என்பதே காரணம். பல இளம் விங்கர்கள் இப்படித்தான் முதல் அணியில் இடம் பிடிக்கிறார்கள். நிஷானின் தேசிய அணி அறிமுகமும் இதே முறையில்தான் அமைந்தது.

தேசிய அணி

2024 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று மோசமாகத் தொடங்கியது. சொந்த மண்ணில் பஹ்ரைனிடம் 0–1 எனத் தோற்றது. அடுத்து ஜகார்த்தாவில் இந்தோனேசியாவுடன் கோல் இல்லாமல் சமன் செய்தது. பயிற்சியாளர் கிரஹாம் அர்னால்டு பதவி விலகினார். அவருக்குப் பதிலாக வந்தவர், நிஷானை மெல்பர்ன் விக்டரியில் மூன்று ஆண்டுகள் அருகிலிருந்து பார்த்த டோனி போபொவிச்.

போபொவிச்சின் முதல் ஆட்டம் 2024 அக்டோபர் 10 அன்று அடிலெய்டு ஓவல் அரங்கில் சீனாவுக்கு எதிராக நடந்தது. சீனா முதலில் கோல் அடித்தது. இடைவேளைக்குச் சற்று முன் லூயிஸ் மில்லர் சமன் செய்தார். இரண்டாம் பாதியில் கிரெய்க் குட்வின் அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். மாற்று ஆட்டக்காரராக வந்த நிஷான், நிறுத்த நேரத்தில் மூன்றாவது கோலை அடித்து 3–1 என ஆட்டத்தை முடித்துவைத்தார். அப்போது அவருக்கு வயது 23.

2025 மார்ச்சில் மேலும் இரண்டு கோல்கள் வந்தன. மார்ச் 20 அன்று சிட்னியில் இந்தோனேசியாவை ஆஸ்திரேலியா 5–1 என வென்றது. அணியின் இரண்டாவது கோல் நிஷானுடையது. மார்ச் 25 அன்று சீனாவின் ஹாங்சோவில் 2–0 என வென்ற ஆட்டத்தில் ஜாக்சன் இர்வின் ஒரு கோலும் நிஷான் ஒரு கோலும் அடித்தனர். 2025 ஜூன் 10 அன்று ஜெட்டாவில் சவூதி அரேபியாவை 2–1 என வீழ்த்தி, ஆஸ்திரேலியா 2026 உலகக் கோப்பைக்கு நேரடியாகத் தகுதி பெற்றது.

எந்த நாட்டுக்கு ஆடலாம்?

உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா இதற்கு இரண்டு சோதனைகளை வைத்திருக்கிறது.

முதலாவது, குடியுரிமை. ஒருவர் எந்த நாட்டுக்கு ஆட விரும்புகிறாரோ, அந்த நாட்டின் குடியுரிமை அவரிடம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, தொடர்பு. புதிதாக ஒரு குடியுரிமையைப் பெற்று ஆட வருபவர் அந்நாட்டில் பிறந்திருக்க வேண்டும். அல்லது அவரது பெற்றோரில் ஒருவரோ தாத்தா பாட்டியரில் ஒருவரோ அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது விதிகள் சொல்லும் காலம்வரை அவர் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும்.

ஒரு நாட்டுக்கு ஆடிய பின் இன்னொன்றுக்கு மாறுவது கடினம். நட்பு ஆட்டங்கள் ஒருவரைக் கட்டிப்போடுவதில்லை. தகுதிச் சுற்று போன்ற போட்டி ஆட்டங்கள் கட்டிவிடும். 2020-இல் இந்த விதி சற்றுத் தளர்த்தப்பட்டது. 21 வயதுக்கு முன் மூன்று ஆட்டங்களுக்கு மேல் ஆடாமலும், உலகக் கோப்பை அல்லது கண்டக் கோப்பையின் இறுதிச் சுற்றில் இறங்காமலும் இருந்தால், மூன்று ஆண்டுகள் கழித்து மாறலாம். நிஷான் 23 வயதில், தகுதிச் சுற்று ஆட்டத்தில் அறிமுகமானார். ஆகவே கோல் அடிக்கும் முன்பே, அடிலெய்டில் களத்துக்குள் கால் வைத்தபோதே, வேறு நாட்டுக்கு மாறும் வழக்கமான வழி அவருக்கு மூடிவிட்டது. இளம் ஆட்டக்காரர்களும் அவர்களது குடும்பங்களும் முதல் அழைப்பு வரும்போது நன்கு யோசிப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தியாவும் இலங்கையும்

இதில் இரு நாடுகளின் சட்டங்களும் வேறுபடுகின்றன. இலங்கை இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. அதனால் பெர்லினில் பிறந்த அகமது வசீம் ராசீக், லண்டனில் பிறந்த டிலன் டி சில்வா போன்றவர்கள் இலங்கை அணிக்கு ஆட முடிந்தது.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவின்படி, தாமாக விரும்பி வேறு நாட்டின் குடியுரிமையைப் பெற்றவர் இந்தியக் குடிமகன் அல்லர். வெளிநாடு வாழ் இந்தியருக்கான ஓ.சி.ஐ. அட்டை விசா இல்லாமல் வந்துபோக உதவும். அது குடியுரிமை ஆகாது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களே நாட்டின் சார்பில் ஆடலாம் என்று 2008-இல் மத்திய அரசு தெளிவாக்கியது.

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்திலுள்ள புன்னக்காயலிலிருந்து மெல்பர்ன் சென்று, ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்ற ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். அங்கே பிறந்த பிள்ளையின் தாத்தா பாட்டி நால்வரும் புன்னக்காயலில் பிறந்தவர்களாக இருந்தால், ஃபிஃபாவின் தொடர்புச் சோதனையில் அந்தப் பிள்ளை எளிதாகத் தேறும். ஆனால் இந்தியக் கடவுச்சீட்டு இல்லாததால் முதல் சோதனையிலேயே நின்றுவிடும். இந்தியக் குடியுரிமை வேண்டுமானால், ஓ.சி.ஐ. பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் 12 மாதங்கள் இந்தியாவில் வாழ்ந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியக் குடியுரிமையையும் விட்டுவிட வேண்டும். பெற்றோரும் உடன்பிறந்தோரும் அங்கே இருக்க, இருபது வயதில் இப்படி ஒரு முடிவெடுப்பது எளிதன்று.

ஆனாலும் சிலர் எடுத்திருக்கிறார்கள். ஜப்பானில் பிறந்த, இந்தியத் தந்தையின் மகனான அராட்டா இசுமி ஜப்பானியக் குடியுரிமையைத் துறந்து 2013-இல் இந்தியாவுக்கு ஆடினார். பெர்த் நகரில் பிறந்த ரயன் வில்லியம்ஸ், 2019-இல் ஆஸ்திரேலியாவுக்காக ஒரு நட்பு ஆட்டம் ஆடியவர், பெங்களூரு எஃப்.சி.யில் இருந்தபோது 2025-இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். இருவரும் முப்பது வயதையொட்டி அல்லது அதைக் கடந்து இந்த முடிவுக்கு வந்தவர்கள். ஆட்ட வாழ்க்கையின் தொடக்கத்தில் இருக்கும் இளைஞர் ஒருவர் அப்படிச் செய்வது அரிது.

பிற நாடுகளின் அனுபவம்

இந்தோனேசியாவும் பெரியவர்களுக்கு இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. ஆனால் நெதர்லாந்தில் பிறந்த இந்தோனேசிய வழித்தோன்றல்களுக்கு விரைந்து குடியுரிமை வழங்கி அணியைக் கட்டியது. சிட்னியில் நிஷான் கோல் அடித்தது அத்தகைய ஓர் அணிக்கு எதிராகத்தான். மலேசியாவில் இதே முயற்சி வேறு விதமாக முடிந்தது. ஏழு ஆட்டக்காரர்களின் தாத்தா பாட்டியர் பிறந்த இடம் குறித்த ஆவணங்கள் போலியானவை என்று கண்டு, 2025 செப்டம்பரில் ஃபிஃபா அவர்களுக்கும் மலேசியக் கால்பந்துச் சங்கத்துக்கும் தண்டனை விதித்தது.

முக்கியத்துவம்

இவரது தலைமுறையைச் சேர்ந்த மற்றொருவர் விமல் யோகநாதன். 2006-இல் வேல்சில் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பார்ன்ஸ்லி கழகத்துக்கு ஆடி, இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தில் இடம்பெற்ற முதல் தமிழராக அறியப்படுகிறார். வேல்சின் இளையோர் அணிகளிலும் ஆடியுள்ளார். நிஷானும் விமலும் தாம் பிறந்து வளர்ந்த, தமக்குப் பயிற்சி தந்த நாடுகளின் சட்டையையே அணிந்தார்கள். பெயரில் தமிழும் சட்டையில் வேறு நாட்டுக் கொடியும் இருப்பதைப் புலம்பெயர்ந்த குடும்பங்கள் முரணாகக் கருதுவதில்லை. அவர்களுடைய அன்றாட வாழ்வும் அப்படிப்பட்டதுதான்.