பச்சை தேவதை மீது விழுந்த கொலைப்பழி... அப்சிந்த் மது ஏன் தடை செய்யப்பட்டது? இப்போது எங்கெல்லாம் கிடைக்கிறது?

ஒரே ஒரு மதுவுக்கு எதிராக ஒரு நாடே ஓட்டுப் போட்டது என்றால் நம்ப முடிகிறதா? 1908 ஜூலை 5-ம் தேதி சுவிட்சர்லாந்தில் அதுதான் நடந்தது. ஒயின், பீர், பிராந்தி எதையும் தொடவில்லை. 'அப்சிந்த்' என்ற பச்சை நிற மதுவை மட்டும் தடை செய்யலாமா, வேண்டாமா என்று பொது வாக்கெடுப்பு. வாக்களித்தவர்களில் 63 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தடை வேண்டும் என்றார்கள். அந்தத் தடை நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்திலேயே எழுதி வைக்கப்பட்டது.

குடித்தால் பைத்தியம் பிடிக்கும், இல்லாத உருவமெல்லாம் கண்ணுக்குத் தெரியும், கொலைகூட செய்ய வைக்கும்... அப்சிந்த் பற்றி நூறு வருஷத்துக்கும் மேலாக இப்படித்தான் பேச்சு. இன்று அதே சுவிட்சர்லாந்தில் கடையில் சட்டப்படி விற்கிறது. நடுவில் மாறியது எது? மதுவா, சட்டமா, இல்லை அறிவியலா? விரிவாகப் பார்க்கலாம்.

அப்சிந்த் என்றால் என்ன?

மூலிகைகளை ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்து எடுக்கப்படும் மது இது. முக்கியமான பொருட்கள் மூன்று. ஒன்று, 'ஆர்ட்டிமீசியா அப்சிந்தியம்' என்ற கசப்பு மூலிகை. மதுவுக்குப் பெயர் வந்ததே இதிலிருந்துதான். இரண்டாவது, ஆனிஸ் விதை. மூன்றாவது, நம்ம வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற சோம்பு.

ஆர்ட்டிமீசியா என்றதும் ஏதோ அந்நியமான செடி என்று நினைக்க வேண்டாம். பூக்கடையில் கதம்பத்தில் சேர்த்துக் கட்டும் மரிக்கொழுந்து இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் மருந்து கிடைத்ததும் இதன் இன்னொரு உறவுக்காரச் செடியிலிருந்துதான். அந்தக் கண்டுபிடிப்புக்காக சீன விஞ்ஞானி தூ யூயூவுக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வடித்தவுடன் அப்சிந்த் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல்தான் இருக்கும். அதில் மறுபடியும் சில மூலிகைகளை ஊறவைக்கும்போது இலையின் பச்சையம் இறங்கிப் பச்சை நிறம் வருகிறது. வெளிச்சம் பட்டால் அந்தப் பச்சை வெளுத்து, காய்ந்த இலையின் நிறத்துக்கு மாறிவிடும். சாதாரணமாக 45 முதல் 74 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கும். நம்ம ஊரில் விற்கும் விஸ்கி, பிராந்தியில் இருப்பது 42.8 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மருந்தாக வந்தது, மதுவாக மாறியது எப்படி?

அப்சிந்த் பிறந்த இடம் சுவிட்சர்லாந்தின் நூஷாத்தேல் மாகாணத்தில் உள்ள வால்-தெ-திராவெர் பள்ளத்தாக்கு. காலம் 18-ம் நூற்றாண்டின் கடைசி. வயிற்றுக் கோளாறுக்கான மூலிகைச் சாறாகத்தான் முதலில் அறிமுகமானது. 1797 வாக்கில் கூவே என்ற ஊரில் வணிக ரீதியான வடிப்பாலை வந்தது. அதில் பங்கு வகித்த ஆன்ரி-லூயி பெர்னோ, 1805-ல் எல்லையைத் தாண்டி பிரான்ஸின் போன்தார்லியே நகரில் பெரிய ஆலையைத் தொடங்கினார்.

அடுத்து பிரெஞ்சு ராணுவம். 1830, 40-களில் அல்ஜீரியாவில் போரிட்ட வீரர்களுக்குக் காய்ச்சல் வராமல் இருக்க அப்சிந்த் கொடுக்கப்பட்டது. ஊர் திரும்பியவர்கள் அந்த ருசியையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

ஆனாலும் உண்மையான திருப்பம் ஒரு பூச்சியால் வந்தது. 1860-களிலிருந்து 'ஃபிலாக்ஸெரா' என்ற பூச்சி பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. ஒயின் விலை எகிறியது. பீட்ரூட், தானியத்தில் வடித்த மலிவான ஆல்கஹாலில் செய்த அப்சிந்த் அந்த இடத்தைப் பிடித்தது. பணக்காரர்களின் காபி விடுதியில் இருந்த பானம் தொழிலாளியின் மேசைக்கு வந்தது. மாலை 5 மணிக்கு 'பச்சை நேரம்' என்றே பெயர் வந்துவிட்டது. 1910-ல் பிரான்ஸில் ஓர் ஆண்டுக்கு சுமார் 3.6 கோடி லிட்டர் அப்சிந்த் குடித்தார்கள்.

அந்தக் காலத்தில் தயாரிப்பு எந்த அளவுக்கு இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1901 ஆகஸ்டில் போன்தார்லியே பெர்னோ ஆலையில் இடி விழுந்து தீப்பிடித்தது. தொட்டிகள் வெடித்துவிடக் கூடாது என்று அப்சிந்தை தூ ஆற்றில் திறந்துவிட்டார்கள். கொஞ்ச நாளில், பல கிலோமீட்டர் தள்ளி உற்பத்தியாகும் லூ என்ற இன்னொரு ஆற்றின் ஊற்றில் அப்சிந்த் வாசனை வந்தது. இரண்டு ஆறுகளுக்கும் நிலத்தடியில் தொடர்பு இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரியவந்தது!

எதுவார் மனே, எட்கர் தேகா, வான்கோ, பிக்காசோ என்று பெரிய ஓவியர்கள் எல்லோருமே அப்சிந்தைத் தங்கள் படைப்பில் கொண்டுவந்திருக்கிறார்கள். தேகா 1875-76-ல் வரைந்த ஓவியத்தில், விடுதி மேசையில் ஒரு பெண் வெறித்த பார்வையோடு உட்கார்ந்திருப்பார். எதிரே ஒரு கோப்பை அப்சிந்த். 'பச்சை தேவதை' என்று செல்லமாக அழைக்கப்பட்ட பானத்தின் இன்னொரு முகம் அது.

சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்... அந்தச் சடங்கில் நடப்பது என்ன?

அப்சிந்தை அப்படியே குடிக்கும் பழக்கம் இல்லை. கோப்பையில் கொஞ்சமாக ஊற்றி, மேலே துளை போட்ட தட்டையான கரண்டியை வைப்பார்கள். கரண்டி மேல் ஒரு சர்க்கரைக் கட்டி. அதன் மேல் ஐஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். இதற்கென்றே நாலைந்து குழாய் வைத்த கண்ணாடித் தண்ணீர்க் குடுவையும் உண்டு. ஒரு பங்கு அப்சிந்துக்கு மூன்று முதல் ஐந்து பங்கு தண்ணீர் என்பது கணக்கு.

தண்ணீர் விழ விழ, தெளிவான பச்சை திரவம் பால் கலந்த மாதிரி கலங்கும். பார்ப்பவர்களைக் கட்டிப்போடுவது இந்தக் காட்சிதான். மந்திரம் ஒன்றும் இல்லை. ஆனிஸிலும் சோம்பிலும் உள்ள 'அனித்தோல்' என்ற எண்ணெய்ப் பொருள் ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் கரையாது. தண்ணீர் அதிகமானதும் அது பிரிந்து நுண்ணிய துளிகளாக மிதக்கிறது. அந்தத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெண்மையாகத் தெரிகிறது. கிரேக்கத்தின் ஊசோ, துருக்கியின் ராக்கி ஆகிய மதுவகைகளிலும் இதே விஷயம்தான் நடக்கிறது.

சினிமாவில் சர்க்கரைக்குத் தீ வைக்கிறார்களே என்று கேட்கலாம். அது பாரம்பரியம் கிடையாது. 1990-களில் செக் நாட்டுத் தயாரிப்புகளோடு சேர்ந்து பிரபலமான வித்தை. 70 சதவீத ஆல்கஹால் பக்கத்தில் நெருப்பு என்பது ஆபத்து என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு குடும்பத்தின் சாவு... பழி யார் மீது?

1905 ஆகஸ்ட் 28. சுவிட்சர்லாந்தின் வோ மாகாணத்தில் கொம்யூன்யி என்ற கிராமம். ழான் லான்ஃப்ரே என்ற தொழிலாளி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மனைவியோடு வாய்த்தகராறு. துப்பாக்கியை எடுத்து, கர்ப்பிணியான மனைவியையும் சின்னஞ்சிறு மகள்கள் இருவரையும் சுட்டுக் கொன்றார்.

அன்று காலையில் அவர் இரண்டு கோப்பை அப்சிந்த் குடித்திருந்தார் என்ற செய்தி காட்டுத்தீ போலப் பரவியது. 'அப்சிந்த் கொலை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தடை கேட்டு சுமார் 82 ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆனால் அன்றைய நாளின் முழுக் கணக்கு வேறு. அதே நாளில் அவர் பிராந்தி குடித்திருந்தார், புதினா மது குடித்திருந்தார், கோப்பை கோப்பையாக ஒயின் குடித்திருந்தார். தினமும் லிட்டர் கணக்கில் ஒயின் குடிக்கிற ஆள் அவர். ஒயின் என்பது அந்த ஊரின் விவசாயம், அந்த ஊரின் வருமானம். அதன் மேல் யாரும் விரல் நீட்டவில்லை. சிறைத் தண்டனை பெற்ற லான்ஃப்ரே, தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே சிறையில் தற்கொலை செய்துகொண்டார்.

வோ மாகாணம் 1906-ல் தடை விதித்தது. 1908 வாக்கெடுப்புக்குப் பிறகு, 1910 அக்டோபரில் சுவிட்சர்லாந்து முழுக்கத் தடை அமலானது. பெல்ஜியம் 1906-ல், அமெரிக்கா 1912-ல், முதல் உலகப் போர் நடுவே பிரான்ஸ் 1915 மார்ச்சில் என்று வரிசையாகக் கதவுகள் மூடின. பிரான்ஸில் மது எதிர்ப்பு இயக்கத்தோடு கைகோத்து நின்றது யார் தெரியுமா? பூச்சியிடமிருந்து மீண்டு, இழந்த சந்தையைத் திரும்பப் பிடிக்கப் போராடிய ஒயின் தயாரிப்பாளர்கள்!

துஜோன்: உண்மையிலேயே மாயத்தோற்றம் வருமா?

அப்சிந்த் மூலிகையில் 'துஜோன்' என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அதிக அளவில் உடலுக்குள் போனால் நரம்பு மண்டலத்தைப் பாதித்து வலிப்பை உண்டாக்கும். இது உண்மை. 19-ம் நூற்றாண்டில் பாரிஸ் மனநல மருத்துவர் வாலன்தான் மான்யான், இந்த மூலிகையின் எண்ணெயை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். வலிப்பு வந்தது. 'அப்சிந்த் நோய்' என்ற தனி நோய் இருப்பதாக முடிவுக்கு வந்தார்.

சிக்கல் எங்கே என்றால், அவர் கொடுத்தது செறிவான எண்ணெய். கோப்பையில் இருப்பது அது அல்ல. தடைக்கு முந்தைய அப்சிந்தில் துஜோன் மிக மிக அதிகம், லிட்டருக்கு 260 மில்லிகிராம் வரைகூட இருந்திருக்கும் என்று பிற்காலத்தில் காகிதத்தில் கணக்குப் போட்டார்கள். 2008-ல் வெளியான ஓர் ஆய்வு அதை நேரடியாகவே சோதித்தது. 1915-க்கு முன்பு தயாரான 13 பழைய பாட்டில்களைத் திறந்து பார்த்ததில், லிட்டருக்கு சராசரியாக 25.4 மில்லிகிராம் துஜோன்தான் இருந்தது. அதிகபட்சமே 48.3 மில்லிகிராம். இன்று ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகை மதுவுக்கு அனுமதிக்கும் அளவு கிலோவுக்கு 35 மில்லிகிராம்.

அதாவது, துஜோன் வேலை செய்ய ஆரம்பிக்கும் அளவுக்கு அப்சிந்த் குடிக்க வேண்டுமென்றால், அதற்கு ரொம்ப முன்னாலேயே ஆல்கஹால் ஆளைச் சாய்த்துவிடும். மேலே நினைவில் வைக்கச் சொன்ன எண்கள் இங்கேதான் வருகின்றன. ஏறக்குறைய 70 சதவீத மதுவைத் தினமும் பல கோப்பை குடித்தவருக்குக் கை நடுங்கும், இல்லாதது கண்ணில் தெரியும், வலிப்பு வரும். இவை எல்லாமே தீவிர குடிநோயின் அறிகுறிகள். பச்சை நிறத்துக்காக மலிவான சரக்கில் செம்பு உப்பு கலந்ததாக அந்தக் காலத்திலேயே புகார்கள் இருந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தடை போட்டதும் நின்றுவிட்டதா?

இல்லை. பிறந்த பள்ளத்தாக்கிலேயே வீட்டுக்கு வீடு கள்ளத்தனமாக வடித்தார்கள். பச்சை நிறம் காட்டிக்கொடுக்கும் என்பதால் நிறம் ஏற்றாமல் தெளிவாகவே விற்றார்கள். 1983-ல் பிரெஞ்சு அதிபர் மித்தரான் நூஷாத்தேல் வந்தபோது, அரசு விருந்தில் பரிமாறிய இனிப்பில் அப்சிந்த் இருந்ததாக வெடித்த சர்ச்சை வழக்கு வரை போனது. கள்ளச் சாராய வழக்குகளை விசாரித்த மோத்தியே ஊர் நீதிமன்றக் கட்டடம் இன்று அப்சிந்த் அருங்காட்சியகமாக இருக்கிறது!

பிரான்ஸில் அதே சோம்பு வாசனையோடு, அப்சிந்த் மூலிகை இல்லாத 'பாஸ்டிஸ்' அந்த இடத்தைப் பிடித்தது. குடி குறையவில்லை, பாட்டில் மாறியது.

இப்போது எங்கெல்லாம் சட்டப்படி கிடைக்கிறது?

பிரிட்டன், ஸ்பெயின்: எப்போதுமே தடை இருந்ததில்லை. 1990-களில் அப்சிந்த் மறுபடி பேசப்பட்டதற்கு பிரிட்டனில் நடந்த இறக்குமதி முக்கிய காரணம்.

சுவிட்சர்லாந்து: 2005 மார்ச் 1 முதல் சட்டப்படி அனுமதி.

பிரான்ஸ்: 1988-லிருந்தே துஜோன் கட்டுப்பாட்டோடு தயாரிக்க வழி இருந்தது. ஆனால் 'அப்சிந்த்' என்ற பெயரை மட்டும் தனியாகப் போட முடியாது. 1915 சட்டம் முழுமையாக நீக்கப்பட்டது 2011-ல்.

அமெரிக்கா: 2007 முதல் அனுமதி. துஜோன் 10 பிபிஎம் அளவுக்குக் கீழே இருந்தால் 'துஜோன் இல்லாதது' என்று கணக்கு. மாயத்தோற்றம் வரும் என்று குறிப்பால் உணர்த்தும் படங்களை லேபிளில் போடக் கூடாது என்பதும் விதி.

இந்தியா: மது என்பது மாநிலங்களின் அதிகாரத்தில் வருவதால் விற்பனை விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உணவில் வாசனைப் பொருளாகச் சேர்க்கக் கூடாதவை என்று நம் உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்லும் பட்டியலில் துஜோனும் உண்டு.

அப்படியானால் அப்சிந்த் நிரபராதியா?

பைத்தியம் பிடிக்க வைக்கும் தனி விஷம் என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. அதற்காக அது பாதுகாப்பான பானம் என்று அர்த்தம் இல்லை. விஸ்கியைவிட சுமார் 1.7 மடங்கு வரை வலுவான மது, அவ்வளவுதான். அதில் ஆபத்து என்றால் அது ஆல்கஹால். எந்த பாட்டிலில் இருந்தாலும் அது அதேதான்.

இன்று சில விற்பனையாளர்கள் அந்தப் பழைய பயத்தையே விளம்பரமாக மாற்றி, 'துஜோன் அதிகம்' என்று சொல்லி விற்கிறார்கள். அன்று தடை போட்டவர்கள் நம்பிய கதையும் இதுதான், இன்று காசாக்குபவர்கள் சொல்லும் கதையும் இதுதான். அன்று எல்லோரும் பச்சை பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தினமும் லிட்டர் கணக்கில் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகும் ஒருவரை, அந்த வீட்டில் காத்திருந்த ஒரு பெண்ணையும் இரண்டு குழந்தைகளையும் யாரும் கவனிக்கவில்லை. இனி எங்கேயாவது 'இந்தச் சரக்குதான் ஆளைக் கெடுக்குது' என்று யாராவது சொன்னால், மொத்தம் எவ்வளவு குடித்தார் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.