பேய்க்கதையிலிருந்து ஒரு சீட்டாட்டம்

திருகோணமலையையும் கிண்ணியாவையும் இணைக்கும் பாலம் 2009ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் அக்கரை செல்வோர் மிதவைப் பாதைக்காகத் துறையிலே காத்து நிற்பர். அவ்வேளைகளில் முதியோர் வாயிலாகக் கேட்ட பேய்க்கதைகள் இன்றும் என் நெஞ்சில் நிற்கின்றன. பாலம் வந்தது, காத்திருப்பு ஒழிந்தது, கதை சொல்லும் பொழுதும் சுருங்கியது. இன்றைய மாணவர் பேய்களைக் காண்பது கடையில் வாங்கிய வண்ணச் சீட்டுகளிலேதான். அத்தகைய ஆட்டமொன்றை நம் கதைகளைக் கொண்டு நாமே அமைத்தால் என்ன?

நாம் ஆடும் முந்நூற்று நான்கில் எல்லோர்க்கும் பொதுவாக ஒரே கட்டுத்தான் உண்டு. சேகரிப்புச் சீட்டாட்டத்திலோ ஒவ்வொருவரும் தாம் திரட்டிய சீட்டுகளிலிருந்து தமக்கெனத் தனிக்கட்டு அமைத்து வருவர். நண்பருடன் மாற்றியும் கொள்வர். இவ்வகைக்கு வழிகாட்டிய ‘மஜிக்: த கதரிங்’ 1993இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. அதனை ஆக்கிய றிச்சர்ட் கார்பீல்ட் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். கல்லூரி ஆசிரியராகவும் இருந்தவர்.

பேய்ச்சீட்டு அதனினும் பழையது. ஜப்பானில் எடோ காலத்தில் தோன்றிய ‘ஒபாக்கே கருத்தா’ என்னும் ஆட்டத்தில் ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பேயுருவும் ஓர் எழுத்தும் இருக்கும். குறிப்பு வாசிக்கப்பட்டதும் உரிய சீட்டை முந்தித் தொட்டவருக்கே அது சொந்தம். கதை தெரிந்த பிள்ளையே வெல்லும்.

எனினும், படத்தில் கோரைப்பல் வரைந்துவிட்டால் அச்சம் பிறந்துவிடாது. அச்சம் ஆட்டவிதியிலே பிறத்தல் வேண்டும். 2011இல் வெளிவந்த மஜிக் ஆட்டத்தின் ‘இனிஸ்ட்ராட்’ தொகுதி மேனாட்டுத் திகிற்கதைகளைத் தழுவியது. அதில் ஓநாய் மனிதனின் சீட்டுக்கு இரு முகங்கள். ஒரு சுற்றில் எவரும் மந்திரம் பிரயோகிக்காவிடின் மனிதன் ஓநாயாவான். ஒருவரே ஒரு சுற்றில் இரண்டு மந்திரங்களைப் பிரயோகித்தால் ஓநாய் மீண்டும் மனிதனாவான். கையில் மந்திரமின்றி வாளாவிருப்பவனுக்கு அந்த மௌனமே திகில் அன்றோ?

நம் கதைகளில் இத்தகைய விதிகள் ஆயத்தமாகவே கிடக்கின்றன. விக்கிரமாதித்தனின் வேதாளத்தை எடுத்துக்கொள்வோம். விடை தெரிந்தும் பேசாதிருந்தால் தலை வெடிக்கும். பேசினால் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறும். இதையே சீட்டாக்கினால், வேதாளத்தை இறக்குபவர் ஒரு புதிர் போடவேண்டும். எதிரி விடையிறுத்தால் சீட்டு உரியவர் கைக்கே மீளும். மௌனம் சாதித்தால் எதிரியின் பெரிய சீட்டுப் பறிபோகும்.

சதுப்பு நிலத்திலே தூரத்தில் எரியும் கொள்ளிவாய்ப் பேய், மட்கிய பொருள்களிலிருந்து எழும் வாயுவின் ஒளி என்பர். அருகில் செல்வோருக்கு அது தீங்கு செய்யாது. பழையனூர் நீலியோ நல்ல பெண்ணுருவில் வந்து குடி கெடுப்பவள். இவ்விரு சீட்டுகளையும் கவிழ்த்தே வையுங்கள். துணிந்து புரட்டினால் கொள்ளிவாய்ப் பேய் மறையும். நீலியாயின் புரட்டியவன் அழிவான். புரட்டுவதா, விலகுவதா? ஆட்டத்தின் உயிர்நிலை இதுவே.

வெள்ளைக் காகித அட்டையும் பென்சிலும் போதும். முதலில் இருபது சீட்டுகள் செய்து ஆடிப் பாருங்கள். எப்போதும் ஒரு சீட்டே வெல்லுமாயின் அதன் வலிமையைக் குறையுங்கள். எவரும் விரும்பாத சீட்டின் விதியை மாற்றுங்கள். ஒரு வீட்டிற் கதையாயிருப்பது மற்றொரு வீட்டில் நம்பிக்கையாயிருத்தல் கூடும். பல சமயத்தாரும் வாழும் எம் பகுதியில், எதனைச் சீட்டாக்கலாம் என்று பெரியோரைக் கேட்டறிதல் நன்று.

கடைச்சீட்டுகளோ மூடிய உறைகளில் விற்கப்படுகின்றன. உள்ளே இருப்பது தெரியாமலே பிள்ளைகள் அரிய சீட்டொன்றுக்காக மேலும் மேலும் வாங்குவர். பெற்றோர் அஞ்சவேண்டியது பேய்க்கன்று, இந்த ஆசைக்கே. நம் ஆட்டத்திற் பணத்துக்கு இடம் வேண்டாம். சீட்டு மாற்றுவோர் அதற்குரிய கதையை முழுதும் சொல்லவேண்டும் என்று ஒரு விதி செய்வோம். கதை தெரியாத பிள்ளை வீடு சென்று பாட்டியைக் கேட்கட்டும். துறையில் நின்றுபோன கதை வீட்டுத் திண்ணையிலேனும் தொடரும்.