டிக்கெட்டில் 6.40, பயணமோ 18.40!

என் அத்தை நியூஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டிற்குத் தனியாகக் கிளம்பினார். இன்சுலின் போட்டுக் கொள்பவர். டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "சிங்கப்பூர்ல ராத்திரி 12 மணிக்கு ஏறினா காலையில 6.40க்கு நியூயார்க். ஏழு மணி நேரம்கூட இல்லையேப்பா! நடுவுல ஊசி எதுக்கு?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே எக்ஸெல் திறந்தேன்.

முதலில் தூரம். சாங்கி விமான நிலையம் வடக்கே 1.36, கிழக்கே 103.99 டிகிரி. நியூயார்க்கின் கென்னடி நிலையம் வடக்கே 40.64, மேற்கே 73.78. இவற்றை ரேடியன்ஸ் பங்சன் மூலம் மாற்றிக் கொள்ளவும். இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கவும். அடுத்து, அவற்றின் காஸ் மதிப்புகளைத் தீர்க்கரேகை வித்தியாசத்தின் காஸ் மதிப்புடன் பெருக்கவும். இரு விடைகளையும் கூட்டி, ஏகாஸ் பங்சனில் தந்து, பூமியின் ஆரமான 6,371 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும்.

எனக்கு முதலில் 5,320 என்று வந்தது. அத்தை சொன்னது சரிதானோ என்று ஒரு நிமிடம் ஆடிப் போனேன்! மேற்குத் தீர்க்கரேகைக்கு மைனஸ் போட மறந்திருந்தேன். மைனஸ் இல்லாத நியூயார்க், கிர்கிஸ்தானுக்குப் போய்விடுகிறது. திருத்தியதும் சுமார் 15,340 என்றது. இது மிகக் குறுகிய வளைவு. ஏறத்தாழ வட துருவத்தின் மேலேயே போகும். ஆனால் காற்றின் சாதகம் பார்த்து பசிபிக் வழியாகச் சுற்றிப் போனால், 16,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்றாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து நேரம். டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். சிங்கப்பூர் நேரத்தில் 8 மணியைக் கழிக்கவும். நியூயார்க் நேரத்துடன் கோடையில் 4, குளிர்காலத்தில் 5 மணியைக் கூட்டவும். இரண்டும் யு.டி.சி. நேரமாகிவிடும். எக்ஸெல்லுக்கு ஒரு நாள் என்பது 1 என்பதால், 8 மணியை 8/24 என டைப் செய்திடவும். தேதியையும் சேர்த்தே தர வேண்டும். இல்லையேல் விடை மைனஸில் போய், செல் முழுக்க ஹேஷ் குறிகளாக நிற்கும். அத்தை போனது கோடையில். விடை 18.40.

சென்னை - சிங்கப்பூர் 4.20, அங்கே காத்திருப்பு 4 மணி. எல்லாவற்றையும் கூட்டினால் எக்ஸெல் 3.00 என்று காட்டியது! 24 மணியைத் தாண்டியதும் அது மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. பார்மட் செல்ஸ் சென்று, மணியைக் குறிக்கும் ஹெச் எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் தந்தேன். 27.00 வந்தது.

அந்தத் தாளைப் பிரிண்ட் எடுத்து டாக்டரிடம் காட்டினோம். ஊசி நேரத்தை நாமாக மாற்றக் கூடாது அல்லவா? எத்தனையாவது மணியில் ஊசி, எப்போது சாப்பாடு என்று ஓரத்திலேயே எழுதித் தந்தார். இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். இறங்கும் வரை கடிகாரத்தை மாற்றாமல், இந்திய நேரப்படியே அத்தை ஊசி போட்டுக் கொண்டார்.