குழந்தையின் மெத்தை மெத்தென்று இருக்கலாமா?



வீட்டுக்குப் புது வரவு வரப்போகிறது என்றதும் நாம் ஆசையோடு வாங்கும் பொருட்களில் ஒன்று மெத்தை. கடைக்குப் போனதும் எல்லாரும் செய்வது ஒன்றுதான். கையால் அழுத்திப் பார்க்கிறோம். கை எவ்வளவு ஆழமாக அமுங்குகிறதோ, அவ்வளவு நல்ல மெத்தை என்று முடிவு கட்டிவிடுகிறோம். நமக்குச் சுகமாக இருப்பது பிள்ளைக்கும் சுகமாகத்தானே இருக்கும்?

குழந்தை நல மருத்துவர்கள் சொல்வது இதற்கு நேர்மாறு. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மெத்தை கெட்டியாகவும் தட்டையாகவும் இருக்க வேண்டும். பிரசவ அறைத் தொட்டில்களை நினைத்துப் பாருங்கள். அவற்றில் மெல்லிய, உறுதியான மெத்தைதான் இருக்கும். அது சிக்கனத்துக்காகச் செய்ததல்ல.

*மென்மையில் என்ன ஆபத்து?*

பிறந்த சில மாதங்களுக்குக் குழந்தையின் கழுத்துக்கு வலுப் போதாது. முகம் மெத்தையில் புதைந்தால் தலையைத் தூக்கித் திருப்ப அதனால் முடியாமல் போகலாம். மூக்கைச் சுற்றி ஒரு பள்ளம் உருவாகி, வெளியே விட்ட காற்றையே குழந்தை மீண்டும் மீண்டும் உள்ளிழுக்கும். பிராணவாயு குறைந்துகொண்டே போகும். அழுகுரல்கூடக் கேட்காது. அதுதான் இதில் உள்ள கொடுமை.

குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992-இல் அறிவுறுத்தியது. 1994-இல் அங்கு நாடு தழுவிய பிரசாரம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில், தூக்கத்தில் காரணம் தெரியாமல் நிகழும் சிசு மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. கெட்டியான, சரிவில்லாத படுக்கை வேண்டும் என்பதை அதே கழகம் 2022-இல் மீண்டும் வலியுறுத்தியது.

‘மல்லாக்கப் படுக்க வைத்தால் பால் புரையேறிவிடுமே’ என்று நம் பாட்டிமார் கவலைப்படுவார்கள். ஆனால் மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் எளிதில் மூச்சுக்குழாய்க்குள் போகாது.

*வீட்டிலேயே ஒரு சோதனை*

உறங்கும் பரப்பின் உறுதியைச் சோதிக்க, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2013-இல் ஒரு தரநிலையை வெளியிட்டன. அதையொட்டி வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய முறை ஒன்று உண்டு. பழைய குறுந்தட்டுகள் 12 எடுத்து, குழந்தை தலை வைக்கும் இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குங்கள். திறக்காத ஒரு லிட்டர் பால் பெட்டியைப் படுக்கை வாட்டில் அதன்மேல் வையுங்கள். பெட்டியின் அடிப்பக்க முனை, தட்டுகளின் விளிம்பைத் தாண்டி 4 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதன்மேல் இன்னொரு பால் பெட்டி. நீட்டிக்கொண்டிருக்கும் முனை மெத்தையைத் தொட்டால், அந்த மெத்தை குழந்தைக்கு ஆகாது. எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் சரி!

*அளவும் முக்கியம்*

மெத்தைக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக்கூடாது. அந்த இடுக்கில் குழந்தையின் முகம் சிக்கிக்கொள்ளலாம். விரிப்பு மெத்தையோடு இறுகப் பொருந்த வேண்டும். ‘கட்டை மாதிரி இருக்கிறதே’ என்று இரக்கப்பட்டு மேலே கம்பளியோ தோத்தோவோ விரித்தால், கெட்டி மெத்தை வாங்கியதே வீண். தலையணை, பஞ்சு பொம்மை, பக்கவாட்டு மெத்தை எதுவும் வேண்டாம். தலை உருண்டையாக வர வைக்கும் கடுகுத் தலையணை, திடுக்கிடாமல் இருக்க நெஞ்சின்மேல் வைக்கும் பயற்றுத்தோல் தலையணை ஆகியவையும் இதில் அடங்கும். நெஞ்சில் வைத்தது முகத்துக்கு நகர எத்தனை நேரம் ஆகும்?

உறவினர் கொடுத்த பழைய மெத்தையில் நடுவே பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நாம் ‘கெகாபு’ என்று சொல்லும் இலவம்பஞ்சு மெத்தை, நாளடைவில் கட்டி கட்டியாகித் தாழ்ந்துவிடும். அது சிசுவுக்கு ஏற்றதல்ல. சாரோங் தொட்டிலிலும் குழந்தையின் உடல் வளைந்து, தாடை நெஞ்சில் பட்டு, மூச்சுப்பாதை குறுகக்கூடும். தொட்டிலில் ஆட்டித் தூங்க வைப்பது நம் வழக்கம். தூங்கியதும் சமமான மெத்தைக்கு மாற்றிவிடுங்கள்.

*வளர்ந்த பிள்ளைகளுக்கு*

ஒரு வயதைத் தாண்டிய பிறகு கட்டுப்பாடு கொஞ்சம் தளரும். தென்னை நார், லேடெக்ஸ், ஃபோம் என எதுவாக இருந்தாலும், படுக்கும்போது முதுகு பள்ளத்தில் இறங்காமல் இருந்தால் போதும். ஈரக்காற்று நிறைந்த நம் நாட்டில் பெரிய எதிரி, கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி. உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அதன் உணவு. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல் போடும் பிள்ளைகள் பலருக்கும் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கும் இதனால் தொல்லை. விரிப்புகளை வாரம் ஒருமுறை 55 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சுடுநீரில் துவையுங்கள். கழற்றித் துவைக்கக்கூடிய உறை உள்ள மெத்தையைத் தேர்ந்தெடுங்கள்.

அடுக்குக் கட்டில் வாங்குவோர் தடிமனையும் கவனிக்க வேண்டும். மெத்தை உயர உயரத் தடுப்புக் கம்பி தாழ்ந்துபோகும். மெத்தைக்கு மேல் குறைந்தது 13 செ.மீ. தடுப்பு இருக்கட்டும். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மேல்தட்டு வேண்டாம்.

கடைசியாக ஒன்று. வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தை பகலெல்லாம் தூங்குவது பராமரிப்பாளர் வீட்டில்தான். சேர்க்கும்போது கட்டணம் கேட்கிறோம். சாப்பாடு பற்றிக் கேட்கிறோம். ‘என் பிள்ளை எதில் படுக்கும்? மல்லாக்கத்தானே படுக்க வைப்பீர்கள்?’ என்றும் கேளுங்கள். தயங்க வேண்டாம். முடிந்தால் அந்த மெத்தையை ஒருமுறை கையால் அழுத்திப் பாருங்கள். இம்முறை, கை அமுங்காவிட்டால் மகிழ்ச்சி அடையுங்கள்!